தனி மொழி கேட்ட அகராதி ஆசிரியர்: நோவா வெப்ஸ்டரின் வாழ்க்கை

கொழும்பிலோ சென்னையிலோ ஆங்கிலம் கற்ற ஒருவர் வட அமெரிக்காவில் குடியேறும்போது முதலில் தடுமாறுவது பெரும்பாலும் எழுத்துக்கூட்டலில்தான். நிறத்தைக் குறிக்கும் கலர் என்ற சொல்லில், தாம் பள்ளியில் தவறாமல் எழுதிவந்த யூ என்ற எழுத்தை அமெரிக்காவில் காணோம். மையத்தைக் குறிக்கும் சென்டரின் கடைசி இரண்டு எழுத்துகள் இடம் மாறி நிற்கின்றன. பாதுகாப்பைக் குறிக்கும் டிஃபென்ஸில் சீ போய் எஸ் வந்திருக்கிறது. எல்லையைக் கடந்து கனடாவுக்குப் போனால் கலரில் அந்த யூ திரும்பி வந்துவிடுகிறது; ஆனால் வாகனத்தின் டயரை மட்டும் அங்கும் அமெரிக்கர் எழுதுவது போலவே எழுதுகிறார்கள். பிள்ளையின் வீட்டுப்பாடத்தைத் திருத்தப்போய்ப் பிள்ளையிடமே திருத்தம் வாங்கிய புலம்பெயர்ந்த தமிழர்கள் பலர். இக்கட்டுரையாளரும் அவர்களில் ஒருவர்.

இந்த வேறுபாடுகளில் பெரும்பகுதி தற்செயலாக விளைந்தது அல்ல. ஒரு தனிமனிதர் அரசியல் நோக்கோடு எடுத்த முடிவுகளின் விளைவு அது. நோவா வெப்ஸ்டர் என்ற அந்த மனிதரின் பெயர் இன்று அமெரிக்காவில் அகராதி என்ற சொல்லுக்கே மறுபெயராகிவிட்டது. ஆனால் அவர் விரும்பியது ஓர் அகராதியை மட்டுமல்ல. பிரிட்டனிலிருந்து அரசியல் விடுதலை பெற்ற நாடு மொழியிலும் விடுதலை பெறவேண்டும், அமெரிக்கருக்கு என்று தனியொரு மொழி அமையவேண்டும் என்பதே அவரது இளமைக்கால இலட்சியமாக இருந்தது.

அடகு வைக்கப்பட்ட பண்ணை

பிரிட்டனின் குடியேற்றமாக இருந்த கனெக்டிகட்டில், ஹார்ட்ஃபோர்ட் நகரை அடுத்த ஒரு விவசாயக் குடும்பத்தில் 1758ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி வெப்ஸ்டர் பிறந்தார். மகனைக் கல்லூரிக்கு அனுப்புவதற்காகத் தந்தை தம் பண்ணையை அடகு வைத்தார். 1774இல் நியூ ஹேவன் நகரிலிருந்த யேல் கல்லூரியில் வெப்ஸ்டர் சேர்ந்தார்.

இந்த யேல் என்ற பெயருக்குச் சென்னையோடு தொடர்பு உண்டு. 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்து, சொந்த இலாபத்துக்காகப் பதவியைப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டின்பேரில் நீக்கப்பட்ட எலிஹு யேல், 1718இல் அந்தக் கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கும் 417 நூல்களும் முதலாம் ஜார்ஜ் மன்னரின் ஓவியம் ஒன்றும் அனுப்பிவைத்தார். அதற்கு நன்றியாகக் கல்லூரி அவர் பெயரை ஏற்றது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஒருவர் சென்னையில் சேர்த்த செல்வத்தால் பெயர்பெற்ற கல்லூரியில்தான் ஆங்கிலேயரின் மொழி ஆதிக்கத்தை எதிர்த்தவர் படித்தார்.

அவர் படித்த காலம் புரட்சிக் காலம். 1775இல் போர் தொடங்கியது. உணவுத் தட்டுப்பாட்டாலும் நோயாலும் வகுப்புகள் அடிக்கடி நின்றன. 1777இல் அவரும் சிறிதுகாலம் குடிமக்கள் படையில் சேர்ந்து அணிவகுத்துச் சென்றார். போரைக் காணும் வாய்ப்பு வரவில்லை. 1778இல் பட்டம் பெற்று வீடு திரும்பியபோது, தந்தை மதிப்பிழந்துகொண்டிருந்த எட்டு டாலர் காகிதப் பணத்தை அவர் கையில் கொடுத்து, இனி உன் வழியை நீயே பார்த்துக்கொள் என்ற பொருள்பட அனுப்பிவைத்தார். சட்டம் படித்து 1781இல் வழக்கறிஞராகப் பதிவுசெய்தும் வழக்குகள் வரவில்லை. பிழைப்புக்காகப் பள்ளி ஆசிரியரானார்.

நீல அட்டைப் புத்தகம்

அக்காலத்து அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் எழுத்துக்கூட்டப் பழகியது தாமஸ் டில்வொர்த் என்ற ஆங்கிலேயரின் நூலில். அதில் இருந்த ஊர்ப்பெயர்கள் இங்கிலாந்தின் ஊர்ப்பெயர்கள். பாஸ்டன் துறைமுகத்தையோ ஹட்சன் ஆற்றையோ அறிந்த பிள்ளை, தான் என்றுமே காணப்போகாத ஆங்கிலேயக் கிராமங்களின் பெயர்களை மனப்பாடம் செய்தது. இலங்கையிலும் இந்தியாவிலும் பனியையும் ஆப்பிள் மரத்தையும் பாடப்புத்தகத்தில் மட்டுமே கண்டு வளர்ந்த தலைமுறைகளுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

1783இல், 25 வயது நிறைவதற்குள், வெப்ஸ்டர் தமது எழுத்துக்கூட்டல் நூலை வெளியிட்டார். முதற்பதிப்பு 5,000 பிரதிகள். இங்கிலாந்தின் ஊர்கள் போய் அமெரிக்காவின் ஊர்கள் வந்தன. ஷன் என்று ஒரே அசையாக ஒலிக்கும் சொல்லீறுகளை டில்வொர்த் இரண்டு அசைகளாகப் பிரித்திருந்தார். வெப்ஸ்டர் மக்கள் பேசுகிறபடி ஒன்றாக்கினார். பார்வைக்குச் சிறிய மாற்றங்கள். ஆனால் நாவில் வழங்கும் மொழியே நூலுக்கு அளவுகோல் என்ற கொள்கை அவற்றுக்குள் இருந்தது.

நீல அட்டை காரணமாக நீல முதுகு நூல் என்று பெயர்பெற்ற அந்தச் சிறுநூல் 1837 அளவில் ஒன்றரைக் கோடிப் பிரதிகள் விற்றிருக்கும் என வெப்ஸ்டர் கணித்தார். 19ஆம் நூற்றாண்டு முடியுமுன் அத்தொகை பல மடங்காகியது. ஆசிரியருக்குக் கிடைத்ததோ பிரதிக்கு ஒரு சதத்துக்கும் குறைவு.

அந்த ஒரு சதத்தைக் காப்பதற்கே அவர் ஒரு போராட்டம் நடத்தவேண்டியிருந்தது. புதிய நாட்டில் பதிப்புரிமைச் சட்டம் இல்லை. ஒவ்வொரு மாநிலமாகச் சென்று சட்டமன்றங்களின் கதவைத் தட்டினார். ஜார்ஜ் வாஷிங்டனின் இல்லத்துக்கும் சென்று, வலுவான மத்திய அரசு தேவை என வாதிட்ட தமது அரசியல் நூலை அவரிடம் அளித்தார். போகும் ஊர்களில் வீடுகளை ஒவ்வொன்றாக எண்ணிக் குறித்துக்கொள்ளும் வழக்கமும் அவருக்கு இருந்தது. 1790இல் முதலாவது கூட்டாட்சிப் பதிப்புரிமைச் சட்டம் வந்ததற்கு அவர் ஒருவரே காரணம் என்று சொல்ல இயலாது. ஆனால் அந்தப் பயணங்கள் வழியமைத்தன. ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பின், காங்கிரஸ் உறுப்பினராக இருந்த தம் மருமகன் வில்லியம் எல்ஸ்வொர்த்தின் துணையோடு அவர் வாஷிங்டனில் முகாமிட்டு வாதாடியதன் பயனாக, 1831இல் உரிமைக் காலம் 14 ஆண்டிலிருந்து 28 ஆண்டாக உயர்ந்தது.

பிரிவினைக் கோட்பாடு

வெப்ஸ்டரின் மொழி அரசியல் முழு வடிவம் பெற்றது 1789இல். அரசியலமைப்புச் சட்டத்தின் கீழ் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி பதவியேற்ற அதே ஆண்டில், ஆங்கில மொழி பற்றிய தமது சொற்பொழிவுகளை அவர் நூலாக வெளியிட்டார். அவரது வாதம் எளியது. பிரிட்டனின் மொழிநடை சீர்கெட்டு வருகிறது. அதன் அளவுகோல் ஒரு சிறிய மேட்டுக்குடி வட்டத்தின் நாகரிகம் மட்டுமே. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் உள்ள மக்கள் அதைப் பின்பற்றவேண்டிய அவசியம் இல்லை. புதிய நிலம், புதிய மக்கட்கலப்பு, புதிய அரசியல் நிறுவனங்கள் ஆகியவை காலப்போக்கில் அமெரிக்க மொழியைப் பிரிட்டன் மொழியிலிருந்து விலக்கிவிடும் என்றும் அவர் கணித்தார். டச்சு, டேனிஷ், ஸ்வீடிஷ் மொழிகள் ஜெர்மன் மொழியிலிருந்தும் ஒன்றிலிருந்து மற்றொன்றும் எந்த அளவு விலகி நிற்கின்றனவோ அந்த அளவுக்கு என்பது அவரது ஒப்பீடு.

விலகலை விரைவுபடுத்த அவர் கண்ட கருவி எழுத்துக்கூட்டல். ஒலிக்காத எழுத்துகளை நீக்கினால் பிள்ளைகள் விரைவாகக் கற்பர். நூல்களின் பக்கம் குறையும். அனைத்துக்கும் மேலாக, இங்கிலாந்தில் அச்சான நூல்கள் அமெரிக்கருக்கு அந்நியமாகத் தோன்றும், உள்நாட்டுப் பதிப்புத்தொழில் வளரும். மொழிச் சீர்திருத்தமாகக் காட்டப்படும் பலவற்றுக்குள் ஒரு பொருளாதாரக் கணக்கு மறைந்திருக்கும். வெப்ஸ்டர் அதை மறைக்கவில்லை. ஒலிப்படி எழுதும் புதிய நெடுங்கணக்கு ஒன்றை முன்னரே வகுத்திருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அவருக்கு ஊக்கமளித்தார். நூல் ஃபிராங்க்ளினுக்கே காணிக்கையாக்கப்பட்டது.

நூல் விற்கவில்லை. மறு ஆண்டு, ஒலிப்படி எழுதிய பகுதிகள் கொண்ட கட்டுரைத் தொகுப்பொன்றை வெளியிட்டபோது ஏளனமே மிஞ்சியது. கற்றவர்கள் கல்லாதவர் எழுத்து என்று நகைத்தனர். அதே 1789இல் ரெபெக்கா கிரீன்லீஃப் என்பவரைத் திருமணம் செய்திருந்த வெப்ஸ்டர், குடும்பப் பொறுப்பு நெருக்கவே, நியூயோர்க்கில் 1793இல் ஒரு நாளேடு தொடங்கினார். ஐந்தாண்டு பத்திரிகையாளர் வாழ்க்கை அவருக்கு எதிரிகளைத்தான் தேடித்தந்தது. இடைக்காலத்தில் அடிமைமுறையின் கேடுகள் பற்றியும் கொள்ளைநோய்களின் வரலாறு பற்றியும் எழுதினார். தற்பெருமை மிக்கவர், விட்டுக்கொடுக்கத் தெரியாதவர் என்று நண்பர்களே அவரைக் குறைகூறினர். 28 ஆண்டுகள் ஒரே வேலையில் அமர்ந்திருக்க அந்தக் குணம் தேவைப்பட்டிருக்கும் போலும்.

28 ஆண்டுகள்

அமெரிக்க மொழிக்கு ஓர் அகராதி தயாரிக்கப்போவதாக 1800இல் அவர் அறிவித்தபோது பத்திரிகைகள் மீண்டும் எள்ளி நகையாடின. 1806இல் சுமார் 37,000 சொற்களோடு ஒரு சிறிய அகராதி வந்தது. கலர், ஹானர் போன்ற சொற்களில் யூ நீங்கியதும், இசையைக் குறிக்கும் மியூசிக் என்ற சொல்லில் அதுவரை ஒட்டிக்கொண்டிருந்த கே நீங்கியதும் அதில்தான் நிலைபெற்றன. இவற்றில் பலவும் அவர் புதிதாகக் கண்டுபிடித்தவை அல்ல. இங்கிலாந்திலேயே இருவகையாக எழுதப்பட்டவற்றில் சுருக்கமானதை அவர் தேர்ந்தெடுத்தார். மக்கள் ஏற்றதும் அத்தகையவற்றையே. நாக்கைக் குறிக்கும் டங் என்ற சொல்லை ஒலிப்படி நான்கெழுத்தில் எழுதவேண்டும் என்று 1828 வரை வாதாடினார், ஒருவரும் கேட்கவில்லை.

பேரகராதிக்கான வேலை அதன் பின்னரே தொடங்கியது. சொற்களின் வேர்களைத் தேடி இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளைப் பயின்றார். 1808இல் தீவிர சமயப் பற்றாளராக மாறிய அவர், மனித மொழிகள் யாவும் விவிலியம் கூறும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை என நம்பி, கல்தேய மொழியில் ஆங்கிலச் சொற்களுக்கு வேர் தேடினார். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் ஆகியவற்றுக்கிடையிலான உறவைக் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் 1786இலேயே எடுத்துரைத்திருந்தார்; ஜெர்மானிய அறிஞர்கள் அதன்மேல் ஓர் அறிவியலையே எழுப்பிக்கொண்டிருந்தனர். வெப்ஸ்டர் தம் வழியே போனார். அந்த உழைப்பின் பெரும்பகுதி வீண்.

வீணாகாதது சொற்பொருள் விளக்கம். 1755இல் சாமுவேல் ஜோன்சன் வெளியிட்ட அகராதியில் சுமார் 42,000 சொற்கள் இருந்தன. வெப்ஸ்டர் 70,000 சொற்களைச் சேர்த்து, அனைத்துக்கும் தம் கையாலேயே பொருள் எழுதினார். ஆதிக்குடிகளின் மொழிகளிலிருந்து ஆங்கிலத்தில் புகுந்த ஸ்கங்க் என்ற விலங்கும் ஹிக்கரி என்ற மரமும் முறையான ஆங்கிலச் சொற்களாக இடம்பெற்றன. காங்கிரஸ் போன்ற அரசியற் சொற்களுக்கு, இங்கிலாந்தில் வழங்கிய பொருள் அல்லாமல் அமெரிக்கக் குடியரசில் அவை பெற்ற பொருள் தரப்பட்டது. ஒரு சொல் எங்கே பிறந்திருந்தாலும், அது புழங்கும் மண்ணில் கொள்ளும் பொருளே அந்த மண்ணுக்கு முறையான பொருள் என்பதை அவர் அகராதி வழியாக நிறுவினார்.

1824இல், 65 வயதில், மகன் வில்லியமுடன் பாரிஸ் சென்று அரச நூலகத்தில் ஆய்வு செய்தார். அங்கிருந்து இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ். 1825 ஜனவரியில், கேம்பிரிட்ஜின் வாடகை அறை ஒன்றில், கடைசிச் சொல்லை எழுதி முடித்தபோது கை நடுங்கி, பேனாவைப் பிடிக்கவும் இயலாமல் போனதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அமெரிக்க ஆங்கிலத்தின் பேரகராதி நிறைவுபெற்றது இங்கிலாந்து மண்ணில்!

நிறம் மாறிய இலட்சியம்

1828இல் இரண்டு பெருந்தொகுதிகளாக அது வெளிவந்தது. 2,500 பிரதிகள், விலை 20 டாலர். அவருக்கு வயது 70.

முன்னுரையைப் படித்தவர்கள், 1789இன் வெப்ஸ்டர் அதில் இல்லை என்பதைக் கண்டனர். இருநாட்டு மொழியும் அடிப்படையில் ஒன்றே என்றும், அந்த ஒற்றுமை நீடிப்பதே விரும்பத்தக்கது என்றும், வெவ்வேறு நிலமும் ஆட்சிமுறையும் இருப்பதால் சில வேறுபாடுகள் தவிர்க்கமுடியாதவை என்றும் எழுதியிருந்தார். தனி மொழி என்ற கோரிக்கை, ஒரே மொழியில் சமஉரிமை என்ற கோரிக்கையாகச் சுருங்கியிருந்தது. பெரிதாகியிருந்தது என்றும் வாதிடலாம்.

இந்த மாற்றத்துக்கு அரசியலே முக்கிய காரணம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பிரெஞ்சுப் புரட்சியின் வன்முறை அவரை அச்சுறுத்தியது. பொதுமக்களின் ஆட்சியில் நம்பிக்கை இழந்த அவர், முதுமையில் வாக்குரிமை வயதை 45ஆக உயர்த்தலாம் என்று எழுதும் அளவுக்குப் பழமைவாதியானார். பிரிட்டன் அவருக்கு எதிரியாகத் தோன்றவில்லை. ஒழுங்கின் இருப்பிடமாகத் தோன்றியது. அகராதிக்கு அங்கும் சந்தை தேவைப்பட்டது என்பதையும் மறந்துவிடலாகாது. 1841இல் விக்டோரியா மகாராணிக்கு ஒரு பிரதி அனுப்பிவைத்து, அட்லாண்டிக்கின் மேற்குக் கரையில் பிறந்தவர்களும் முன்னோரின் மொழியை மறக்கவில்லை எனத் தெரிவித்தார்.

இன்னொன்றையும் கூறவேண்டும். இலண்டனின் அளவுகோலை மறுத்த அவர், அமெரிக்காவுக்குள் பல அளவுகோல்களை ஏற்றவரல்லர். அவருக்குச் சரியான ஆங்கிலம் பெரிதும் தம் நியூ இங்கிலாந்துப் பகுதியின் ஆங்கிலமே. தென்மாநில உச்சரிப்பும், அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களின் பேச்சும் அவரது தேசிய மொழிக்கு வெளியே நின்றன. ஆனால் நூல்கள் ஆசிரியரின் விருப்பத்தை மீறிப் பயணம் செய்பவை. பால்ட்டிமோரில் அடிமையாக இருந்த சிறுவன் ஃபிரெடரிக் டக்ளஸ், வெப்ஸ்டரின் எழுத்துக்கூட்டல் நூலைப் பார்த்து எழுதியெழுதியே எழுதப் பழகினார். பின்னாளில் அடிமைமுறைக்கு எதிராக ஒலித்த மிக வலிமையான குரல்களில் ஒன்று அவருடையது. 1865இல் அடிமைமுறை ஒழிந்தபோது விடுதலைபெற்ற மக்கள் ஆர்வத்துடன் தேடிச்சென்று வாங்கிய நூல்களில் ஒன்றும் அதுவே.

பெயர் மட்டும்

அகராதி பாராட்டைத் தந்தது, பணத்தைத் தரவில்லை. அதன் சுருக்கப் பதிப்பைத் தயாரிக்க உதவிய ஜோசப் வொர்செஸ்டர் 1830இல் சொந்தமாக ஓர் அகராதி வெளியிட, தம் உழைப்பைத் திருடிவிட்டதாக வெப்ஸ்டர் குற்றஞ்சாட்டினார். 1841இல் இரண்டாம் பதிப்பை அச்சிட, 82 வயதில் தம் வீட்டை அடகு வைத்தார். தந்தை பண்ணையை அடகு வைத்து 67 ஆண்டுகள் கடந்திருந்தன. 1843 மே 28ஆம் தேதி நியூ ஹேவனில் காலமானார்.

விற்காமல் எஞ்சிய பிரதிகளையும் உரிமையையும் ஸ்பிரிங்ஃபீல்டைச் சேர்ந்த மெரியம் சகோதரர்கள் வாங்கினர். 1847இல் ஒரே தொகுதியாக 6 டாலருக்கு அவர்கள் வெளியிட்ட பதிப்பே வெப்ஸ்டரை வீடுகளுக்குள் கொண்டுசென்றது. அவரது சொற்பிறப்பு விளக்கங்களை 1864ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு ஜெர்மானிய அறிஞர் அகற்றிவிட்டுப் புதிதாக எழுதினார்.

அந்த எழுத்துக்கூட்டல் உலகில் பரவியது அகராதியின் சிறப்பால் மட்டும் அல்ல. 1898இல் பிலிப்பைன்ஸ் அமெரிக்கா வசமானது. 1901இல் தாமஸ் என்ற கப்பலில் சுமார் 500 அமெரிக்க ஆசிரியர்கள் அங்கு சென்றிறங்கினர். அந்நாட்டு ஆங்கிலம் இன்றும் வெப்ஸ்டர் வழிப்பட்டது. மாறாக யாழ்ப்பாணத்துக்கு 1816இலேயே நியூ இங்கிலாந்திலிருந்து அமெரிக்க மிஷனரிகள் வந்து, வட்டுக்கோட்டையில் உயர்கல்வி நிலையம் அமைத்தும், ஆட்சி பிரிட்டனுடையதாக இருந்ததால் அங்கு வேரூன்றியது பிரிட்டிஷ் முறையே. இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் எங்கும் இதே நிலை. ஆனால் இலண்டனிலும் சென்னையிலும் கணினி மென்பொருளைக் குறிக்கும் புரோகிராம் என்ற சொல்லைப் பழைய பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில் இன்று எவரும் எழுதுவதில்லை.

தனித்தனி மொழிகளாகப் பிரியும் என்ற அவரது கணிப்பு பலிக்கவில்லை. தந்தியும் வானொலியும் திரைப்படமும் இணையமும் அவர் எதிர்பாராதவை. ஆனால் அவர் போட்ட பாதையில் பிறர் நடந்தனர். ஆஸ்திரேலியர் 1981இல் மக்குவாரி அகராதியை வெளியிட்டு, தங்கள் ஆங்கிலத்துக்குத் தாங்களே நீதிபதிகள் ஆயினர். தென்னாபிரிக்க ஆங்கிலத்துக்கு 1996இலும் கனடிய ஆங்கிலத்துக்கு 1998இலும் பெரிய அகராதிகள் வந்தன. அவரது மற்றொரு கணக்கும் பொய்க்கவில்லை. அமெரிக்காவில் ஒன்றேகால் கோடி மக்கள் மட்டுமே இருந்த 1828இல், 30 கோடி மக்களுக்கு விட்டுச்செல்லத்தக்க மொழி அளவுகோல் இது என்று முன்னுரையில் குறிப்பிட்டிருந்தார். அந்நாட்டு மக்கள்தொகை 2006 அக்டோபரில் 30 கோடியை எட்டியது.

நீல அட்டை நூல் வளர்த்தெடுத்த எழுத்துக்கூட்டல் போட்டி இன்றும் அமெரிக்காவில் ஒரு தேசிய நிகழ்வு. 2019இல் வெற்றியைப் பகிர்ந்துகொண்ட எட்டுப் பேரில் எழுவர் இந்திய வம்சாவளியினர். அப்போட்டியில் இறுதித் தீர்ப்பு வழங்குவது மெரியம்-வெப்ஸ்டர் நிறுவனத்தின் பேரகராதி.

அந்த நிறுவனப் பெயரில் மெரியம் முன்னே வருவதற்கு ஒரு காரணம் உண்டு. 1889இல் 1847ஆம் ஆண்டுப் பதிப்பின் உரிமைக்காலம் முடிந்தபின் பிற பதிப்பாளர்களும் வெப்ஸ்டர் பெயரில் அகராதிகளை வெளியிட்டனர். வழக்குகள் நடந்தன. வெப்ஸ்டர் என்பது எவருக்கும் தனியுரிமை இல்லாத பொதுச்சொல் ஆகிவிட்டது என நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. பதிப்புரிமைக்காக மாநிலம் மாநிலமாக அலைந்தவரின் பெயரை இன்று அமெரிக்காவில் எந்த அகராதியின் அட்டையிலும் எவரும் கட்டணமின்றி அச்சிட்டுக்கொள்ளலாம்.